இரண்டு பேருக்கு ஒரு அறை

திண்டிவனம்
24.5.2024

தமிழினி அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மனசு வரவில்லை. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. அதையும் கோபத்தில்தான் எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் நம்பரை பிளாக் செய்துவிட்டேன் என்று என் அப்பாவிடம் போனில் புலம்பினீர்களாம். பின்னே? நீங்கள் என்றைக்கு என்னிடம் தனியாகப் பேசியிருக்கிறீர்கள்? போன் வந்த உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுவீர்கள். ஒரு பக்கம் அத்தை, இன்னொரு பக்கம் உங்கள் அக்கா. "சாப்ட்டீங்களா" என்று நான் கேட்டால் மூன்று பேர் பதில் சொல்வார்கள். அதனால்தான் கடிதம். வீட்டு விலாசத்துக்கு அனுப்பினால் கூடத்தில் வைத்து சத்தமாகப் படிப்பீர்கள் என்று கடைக்கு அனுப்பியிருக்கிறேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற இடத்தில் உட்கார்ந்து நீங்கள் மட்டும் படியுங்கள்.

நான் என்ன பெரிதாகக் கேட்டேன்? சிங்கப்பூரா கேட்டேன்? மரக்காணத்துப் பக்கம் கடலோரத்தில் ஒரு சாதாரண விடுதி. விடுதி என்றுகூடச் சொல்ல முடியாது, சவுரியம்மாள் என்று ஒரு அம்மா தன் வீட்டு மாடியில் வாடகைக்கு விடும் ஒரே அறை. இரண்டு பேர் படுக்கிற கட்டில், ஜன்னலைத் திறந்தால் கடல். ஜாக்கெட் தைத்த காசில் முன்பணமும் நானே கட்டினேன். தமிழினியை என் அப்பாவிடம் விட்டுவிட்டு நாம் இரண்டு பேர் மட்டும், இரண்டு நாள். வாரக்கணக்கில் சொல்லிச் சொல்லி உங்களைச் சம்மதிக்க வைத்தேன்.

கிளம்புகிற அன்றைக்கு வாசலில் வேன் நிற்கிறது. உள்ளே அத்தை, உங்கள் அக்கா, துரைக்கண்ணு மாமா, அவர்கள் பிள்ளைகள் மூன்று பேர், மாமா வீட்டு ஆட்கள் இரண்டு பேர். அத்தனை பிள்ளைகள் போகும்போது தமிழினியை மட்டும் எப்படி விட்டுவிட்டுப் போவது? நம் மூவரையும் சேர்த்துப் பதினோரு பேர். காலுக்கடியில் கேஸ் சிலிண்டர், இட்லி குண்டான், புளிச்சோற்று அண்டா. "ரெண்டு பேருன்னுதானம்மா போன்ல சொன்ன? ஊரையே கூட்டிக்கினு வந்திருக்கியே" என்று சவுரியம்மாள் கேட்டபோது எனக்கு அந்த மணலிலேயே புதைந்துவிடலாம் போல இருந்தது.

கட்டிலில் அத்தையும் அக்காவும் படுத்தார்கள். கடல் தெரியும் ஜன்னலில் ஈரத்துணி காய்ந்தது. நீங்கள் மாமாவோடு மொட்டை மாடியில் சீட்டு ஆடினீர்கள். நான் இட்லி ஊற்றினேன், மீன் கழுவினேன், உப்புத் தண்ணீரில் வேக மாட்டேன் என்று அடம்பிடித்த அரிசியோடு மல்லுக்கு நின்றேன். சோறு விறைத்துப் போனதும் என் தப்பு என்றார்கள். கடலை நான் பார்த்தது மொத்தம் கால் மணி நேரம். அதுவும் உங்கள் எல்லோருடைய செருப்புக்கும் காவலாக நின்றபோது. இரண்டாம் நாள் காலையில் பால் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தமிழினியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். இன்னும் ஒரு வேளை இட்லி ஊற்றியிருந்தால் யார் மேலாவது கொட்டியிருப்பேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் என்னிடம் ஒன்று சொன்னார்கள். அதை உங்களிடம் மட்டும் சொல்லி, உங்கள் மனசில் இருப்பதைக் கேட்கத்தான் அந்த இரண்டு நாளைக் கேட்டேன். என்னவென்று இதில் எழுத மாட்டேன். கடிதம் யார் கையில் சிக்குமோ. நீங்கள் தனியாக வந்தால் சொல்கிறேன்.

பானு


விழுப்புரம்
28.5.2024

பானுவுக்கு,

கடிதம் எழுதிப் பழக்கம் இல்லை. கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தால் திட்டாதே. நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் நான்தான் வில்லன்.

நடந்ததைச் சொல்கிறேன், நீயே நியாயம் சொல். ஊருக்குக் கிளம்புகிறவன் பக்கத்துத் தெருவில் இருக்கும் அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போனால் நன்றாகவா இருக்கும்? அதனால் போனேன். காபி கொடுத்தது. குடித்துவிட்டு எழுந்திருக்கும்போது, "நீங்களும் வாங்களேன்க்கா" என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நம் பக்கத்தில் யார் வீட்டுக்குச் சாப்பாட்டு நேரத்தில் போனாலும் "வாங்க சாப்பிடலாம்" என்பார்கள். நாமும் "இப்பதான் ஆச்சு" என்போம். ஆகியிருக்காது. கூப்பிடுகிறவர்களுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். அதுதானே வழக்கம்? நான் என் பங்கைச் சொல்லிவிட்டேன். அக்கா அதனுடைய பங்கைச் சொல்ல மறந்துவிட்டது. "சரிடா, எத்தினி மணிக்கு கெளம்பணும்?" என்றது. மாமா அப்போதே வேனுக்குப் போன் போட்டுவிட்டார். நான் என்ன செய்வேன்? சொன்ன வாயை எங்கே கொண்டு வைப்பது?

உனக்கு மட்டும்தான் கஷ்டமா? பால் வாங்கப் போனவள் பத்து மணி வரை வரவில்லை. கடலில்தான் இறங்கிவிட்டாயோ என்று கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினேன். வலை பிரித்துக்கொண்டிருந்த ஆட்களிடமெல்லாம் கேட்டேன். வாயெல்லாம் வறண்டு திரும்பி வந்தால் சவுரியம்மாள் நிதானமாக முறத்தில் கருவாடு பரப்பிக்கொண்டே, "உன் பொண்டாட்டிய நான்தான் திண்டிவனம் பஸ்ல ஏத்திவுட்டேன்" என்கிறது. முன்னாடியே சொல்லக் கூடாதா என்றால், "நீ என்னைய கேக்கலியே" என்கிறது. அந்தம்மாவும் உன் கட்சி. அத்தனை பேர் முன்னால் எனக்கு எவ்வளவு அவமானம் தெரியுமா? அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. தினமும் ஒரே பேஜாராக இருக்கிறது.

ஆஸ்பத்திரி என்று எழுதிவிட்டு என்னவென்று சொல்லாமல் விட்டால் எப்படி? சர்க்கரையா? நீ இனிப்புகூடச் சாப்பிட மாட்டாயே. இரண்டு நாளாக மோட்டாரில் கை ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வந்து உன்னையும் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு வருகிறேன்.

மணிமாறன்


திண்டிவனம்
3.6.2024

தமிழினி அப்பாவுக்கு,

தனியாக வாருங்கள் என்று எழுதினேன். தனியாக என்றால் உங்கள் ஊரில் எத்தனை பேர்? நேற்று ஏழு பேர் வந்து இறங்கினீர்கள். தட்டில் பழம், பூ வேறு. எதிர்வீட்டு அம்மா, "தமிழினிய பொண்ணு பாக்க வந்துட்டாங்களா?" என்று கேட்டுச் சிரிக்கிறார். அப்பா பாவம், நாற்காலி கடன் வாங்க ஒரு தரம், டீ வாங்க இரண்டு தரம் தெருவில் ஓடினார்.

துரைக்கண்ணு மாமா ஆரம்பித்தார். "பொம்பளன்னா கொஞ்சம் அனுசரிச்சிக்கினு போவணும்மா." அத்தை மூக்கைச் சிந்தினார்கள். உங்கள் அக்கா மட்டும் ஒரு நியாயமான வார்த்தை கேட்டார்கள். "நாங்க வந்தது புடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். பால் வாங்கப் போறேன்னுட்டு போறதா?" அது என் தப்புதான். அவர்களிடம் சொல்லுங்கள்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? மூலையில் உட்கார்ந்து எங்கள் வீட்டில் ஓடாமல் கிடந்த மிக்சியைக் கழற்றினீர்கள். நன்றாகச் செய்து கொடுத்தீர்கள், இப்போது நைசாக அரைக்கிறது. சமையல்கட்டிலிருந்து இரண்டு தடவை உங்களுக்கு ஜாடை காட்டினேன். நிமிர்ந்து பார்த்து, "என்னா, வீட்ல சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்குதா?" என்றீர்கள். எனக்கு அந்த மிக்சியைத் தூக்கி உங்கள் தலையில் போடத் தோன்றியது.

நேரில் முடியாது என்று தெரிந்துபோனது. அதனால் எழுதுகிறேன். எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ஒரு வருடமாக மாதத்தில் பாதி நாள் உதிரம் போகிறது, அது உங்களுக்குத் தெரியாது. பயப்படும்படியான கட்டி இல்லையாம். ஆனால் மருந்தில் கரையாது, பையையே எடுத்துவிட வேண்டும், இரத்தம் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் இருக்கிறது, இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்கிறார் டாக்டரம்மா.

எடுத்துவிட்டால் இன்னொரு பிள்ளை கிடையாது. அத்தை பேரன் வேண்டும் என்று எந்தெந்தக் கோயிலுக்குக் காசு முடிந்து வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அக்கா மாதாமாதம் என்ன கேட்பார்கள் என்று தெரியும். உங்கள் மனசில் என்ன இருக்கிறது என்று மட்டும் தெரியாது. நீங்கள் ஒரு நாளும் சொன்னதில்லை. அதைத்தான் அந்தக் கடலோரத்தில் உட்கார்ந்து கேட்க நினைத்தேன். கேட்க வழியில்லாமல் சனிக்கிழமை சாயங்காலம் மீன் கழுவும்போது சவுரியம்மாளிடம் சொல்லி அழுதேன். கட்டின புருஷனிடம் சொல்ல வேண்டியதை முன்பின் தெரியாத ஒரு பொம்பளை முதலில் கேட்டாள். இதைவிட எனக்கு என்ன கேவலம் வேண்டும்?

பதினெட்டாம் தேதி இங்கே திண்டிவனத்தில் அட்மிஷன். மறுநாள் காலை ஆபரேஷன். பெண்கள் வார்டில் துணைக்குப் பெண்தான் இருக்க வேண்டும், எனக்கு அம்மா இல்லை. சவுரியம்மாள் தானே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் வந்து கையெழுத்துப் போட வேண்டும். காப்பீட்டு அட்டை அத்தையின் பீரோவில் இருக்கிறது, எடுத்து வாருங்கள். எல்லாம் முடிகிறவரை யாருக்கும் தெரிய வேண்டாம். ஒரே ஒரு விஷயமாவது நம் இரண்டு பேருக்குள் இருக்கட்டும்.

இதுவும் முடியாது என்றால் தமிழினிக்குப் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கி அனுப்பிவிடுங்கள். இங்கேயே சேர்த்துக்கொள்கிறேன். நானும் இங்கேயே இருந்துகொள்கிறேன்.

பானு


விழுப்புரம்
8.6.2024

பானு,

நாலு தாள் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

இரத்தம் ஏழு என்று எழுதியிருக்கிறாய். அவ்வளவு இரத்தத்தை வைத்துக்கொண்டா பதினோரு பேருக்கு இட்லி ஊற்றினாய்? சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபம் வந்தது. யாரிடம் சொல்வாய், நான் மாடியில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தேன் என்று அப்புறம்தான் உறைத்தது. எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில். ஆசை இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் அம்மா கோயிலிலிருந்து வந்து உன் நெற்றியில் திருநீறு வைக்கும்போதெல்லாம் உன் முகம் சுருங்கும். அதைப் பார்க்கிறபோது இந்த ஆசையே வேண்டாம், தமிழினி போதும் என்றுதான் தோன்றும். இதை அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன். எடுத்துவிடு. நீ நன்றாக இருந்தால் போதும்.

இன்னொன்றும் இருக்கிறது, எழுதவே கூச்சமாக இருக்கிறது. அக்காவை ஒரு பேச்சுக்குக் கூப்பிட்டேன் என்றேன். அது முழுக்க உண்மையில்லை. அக்கா சரி என்றதும் எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. எட்டுப் பேர் இருந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். கடையில் ரேடியோ ஓடாவிட்டால் எனக்குக் காயில் கட்ட வராது. இரண்டு நாள் உன்னோடு தனியாக உட்கார்ந்து என்ன பேசுவது? நீ ஏதோ கேட்கப் போகிறாய் என்று உன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என்ன கேட்பாயோ, எனக்குப் பதில் தெரியாமல் போய்விடுமோ என்று பயம். உனக்குச் சிரிப்பு வரும். எனக்கு நிஜமாகவே பயம்.

வருகிறேன். நான் மட்டும் வருகிறேன். பீரோச் சாவி அம்மா இடுப்பில் இருக்கிறது. குளிக்கப் போகும்போது எடுத்துவிடுகிறேன்.

உன் கடிதத்தைக் கடையில் பழைய காயில் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். யாரும் பார்க்கவில்லை.

மணிமாறன்


திண்டிவனம்
13.6.2024

தமிழினி அப்பாவுக்கு,

நேற்று மதியம் உங்கள் அக்கா என் அப்பாவுக்குப் போன் போட்டார்கள். "ஆப்பரேசனாமே, எங்ககிட்ட ஏன் மறைக்கிறீங்க? பைய எடுக்க வுடாதீங்க, வல்லத்துல எங்களுக்குத் தெரிஞ்ச வைத்தியர் இருக்காரு, வேர் குடுப்பாரு." அப்பாவிடம் நான் சின்ன ஆபரேஷன் என்று மட்டும்தான் சொல்லி வைத்திருந்தேன். மனிதர் மளிகைக் கடை வாசலில் நின்றபடியே அழுதிருக்கிறார்.

எப்படித் தெரிந்தது என்று அக்காவே சொல்லிவிட்டார்கள். பீரோவைத் திறக்கும்போது அத்தை வந்துவிட்டார்களாம். "எதுக்குடா கார்டு?" என்று ஒரே ஒரு கேள்வி. உடனே நின்ற இடத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டீர்களாம். பானுவுக்குக் காய்ச்சல் என்று ஒரு பொய் சொல்ல வராதா? கடையில் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று சொல்ல வராதா? நாலு நாள்கூட உங்கள் வயிற்றில் தங்கவில்லை.

அவர்கள் எல்லோரும் வேனில் வரப்போகிறார்களாம். ஆபரேஷன் அறை வாசலில் பாய் விரித்து உட்காரட்டும், குண்டானும் எடுத்து வரட்டும்.

நீங்கள் வர வேண்டாம். கார்டும் வேண்டாம், ஆதார் நம்பரை வைத்தே பார்த்துக்கொள்வார்களாம். கையெழுத்து நானே போடுகிறேன். என் உடம்புக்கு என் கையெழுத்துப் போதும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். மறக்காமல் டி.சி.யை மட்டும் வாங்கி வையுங்கள். பள்ளிக்கூடம் திறந்து நாலு நாள் ஆகிறது, பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

போன கடிதத்தைப் படித்துவிட்டு நான் ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். தைக்கும்போதுகூடச் சிரித்துக்கொண்டேன் என்று தமிழினி சொன்னாள். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

பானு


ஆஸ்பத்திரி, திண்டிவனம்
19.6.2024, காலை பத்து மணி

பானு,

வர வேண்டாம் என்றாய். வந்திருக்கிறேன். வாட்ச்மேனிடம் பேனா வாங்கி, மாத்திரைச் சீட்டின் பின்பக்கம் எழுதுகிறேன். இதைச் சவுரியம்மாளிடம் கொடுத்துவிடுவேன், கண் விழித்ததும் படி.

வேன் வரவில்லை. அவ்வளவு பேர் வேண்டாம் என்று நான்தான் மாமாவிடம் சொன்னேன். எல்லோரும் சரி என்று தலையாட்டினார்கள். அதை நம்பிப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் அம்மாவும் அக்காவும் பிளாஸ்க்கோடு எனக்கு முன்னால் நிற்கிறார்கள். "நான் மட்டும் போறேன், நீங்க வர வேணாம்" என்றேன். "பெத்தவள பாத்து என்னடா பேசற?" என்றது அம்மா. "அவ என்னைய மட்டும்தான் கூப்ட்டா. அதுவும் இப்ப கூப்புடல. நானே வெக்கங்கெட்டுப் போறேன். என்னைய வுடுங்க" என்றேன். அக்கா அழ ஆரம்பித்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள். கண்டக்டர், "ஏறுறியா இல்லியா, ஜல்தி சொல்லுப்பா" என்று கத்தினார். ஏறிவிட்டேன். முண்டியம்பாக்கம் தாண்டுகிற வரைக்கும் பின்பக்கக் கண்ணாடியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அக்காவை அழவைத்தது சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை.

நான் வந்து சேர்வதற்குள் உன்னை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். சவுரியம்மாள் என்னைப் பார்த்ததும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. "மத்தவங்கல்லாம் எங்க, வேன் நிறுத்திக்கினு இருக்காங்களா?" யாரும் வரவில்லை என்றேன். நம்பவில்லை. வாசல் கேட் வரைக்கும் போய் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்துதான் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தது.

டி.சி. வாங்கவில்லை. நீ எழுந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக் கேள். அப்போதும் வேண்டும் என்றால் வாங்கித் தருகிறேன்.

நாலு மணிக்குத்தான் ஆண்களை வார்டுக்குள் விடுவார்களாம். இங்கே மரத்தடி பெஞ்சில் இருக்கிறேன்.

மணிமாறன்


பெண்கள் வார்டு
21.6.2024

தமிழினி அப்பாவுக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணிக்கொண்டு போகிறது. சவுரியம்மாள் சாப்பாடு வாங்க வெளியே வரும்போது கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அதே பெஞ்சில்தான் இருக்கிறீர்களாம். இரண்டு நாளாக அதே சட்டையாம்.

முதல் நாள் நீங்கள் வந்தது எனக்கு நினைவில்லை. நேற்று நன்றாக நினைவு இருந்தது. நான் தூங்கவில்லை, வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். தனியாக வந்த மனுஷன் என்னதான் சொல்கிறார், பார்க்கலாம் என்று. நாலிலிருந்து ஆறு மணி வரை பார்த்தேன். ஒரு வார்த்தை வரவில்லை. சாத்துக்குடி உரித்தீர்கள். கட்டில் ஆடுகிறது என்று குனிந்து ஒரு அட்டையை மடித்துக் காலுக்கடியில் வைத்தீர்கள். மேலே ஃபேன் சத்தம் போட்டதும் எழுந்து நின்று அண்ணாந்து பார்த்தீர்கள். அப்புறம் பக்கத்துக் கட்டில் அம்மாவிடம் போய், "ஒங்களுக்கு எத்தினி தையல்? ரொம்ப வலிக்குமா?" என்று விசாரிக்கிறீர்கள். ஏங்க, அதை என்னிடம் கேட்கக் கூடாதா? எனக்கு ஒன்பது தையல். வலிக்கிறது. சிரித்தால் இன்னும் வலிக்கிறது, உங்களால் நேற்று அதுவும் ஆயிற்று.

வீட்டுக்கு எப்போது வருகிறாய் என்று இப்போது கேட்காதீர்கள். ஆறு வாரம் அப்பா வீட்டில்தான். அதற்கப்புறம் எங்கே என்று எனக்கே தெரியாது. தனியாக ஒரு தரம் பஸ் ஏறி வந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். திங்கட்கிழமை முதல் தமிழினியை நீங்களே கூட்டிக்கொண்டு போய்ப் பழைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். தலை பின்னக் கற்றுக்கொள்ளுங்கள், காயில் கட்டுகிற கைக்கு அது பெரிய வேலை இல்லை. அக்காவுக்கு நான் அப்புறம் பேசுகிறேன். பஸ் ஸ்டாண்டில் அழவிட்டு வந்ததற்கு நீங்களும் பேசுங்கள்.

இன்றைக்கு நாலு மணிக்கு நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருப்பேன். ஸ்டூலைக் கால்மாட்டில் போடாமல் தலைமாட்டில் போட்டு உட்காருங்கள். உங்களுக்குப் பேச வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள், எனக்கு வரும். நிறைய இருக்கிறது, பாதி திட்டுதான்.

ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் முடிந்ததிலிருந்து நான் இன்னும் அழவில்லை. அப்பா எதிரில் அழ முடியாது, தமிழினி எதிரில் முடியாது. இன்றைக்கு நீங்கள் வந்து உட்கார்ந்ததும் அழுவேன் என்று நினைக்கிறேன். பயந்துபோய் யாரையும் கூப்பிட்டுவிடாதீர்கள்.

பானு